படித்தவன் இதயமும் பதற வேண்டியிருக்கிறது

"பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனி நமக்கு என்ன குறை?" மலேசியாவில் எங்கள் ஊர்ப்பக்கம், சுங்கை சிப்புட்டில் இதை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. படிப்பும் சம்பளமும் வந்துவிட்டால் மட்டும் இதய நோய் நம்மை விட்டுவிடாது.

அமெரிக்காவில் படிப்பும் வருமானமும் கூடினால் இதய நலமும் கூடுகிறது. ஆனால் வெள்ளையர்களுக்குக் கிடைக்கும் அளவு பலன் கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் கிடைப்பதில்லை என்று அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. மலேசிய இந்தியர்களில் 31.4! இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் இந்த நீரிழிவு, இதயக் குழாய்களைச் சத்தமில்லாமல் அரிக்கும் நோய்.

இதைப் பரம்பரையின் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை பாதியில் நிற்கிறது. கெட்டிப்பால் தேநீர் மட்டும் வேளை தவறுவதில்லை.

பரிசோதனைக்குப் போகும் நாளுக்குத் தோட்ட நிர்வாகங்கள் கூலியைப் பிடிக்கக் கூடாது. கோயில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு மேசை போடலாம். எங்கள் கோயில் கமிட்டியிடம் இந்த வாரமே பேசப் போகிறேன். உடன் வருகிறவர்கள் சொல்லுங்கள்.