ரெண்டு மாசக் குட்டிக்கு நாலு வேளை சாப்பாடு: எங்க வீட்டுல ஓட்டின விதம்

ரெண்டு மாச நாய்க்குட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு வைக்கணும்னு கேட்டா ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. காலையும் ராத்திரியும் போதும்னு ஒருத்தர், தட்டு எப்பவும் நிறைஞ்சே இருக்கட்டும், அதுக்குத் தெரியும்னு இன்னொருத்தர், கேட்கும்போதெல்லாம் குடுங்க பாவம்னு மூணாவது ஆள். எங்க டாக்டர் நாலு வேளைன்னு சொல்லி காரணத்தையும் சொன்னதுனாலதான் எனக்கு மனசுல நின்னுச்சு. குட்டியோட வயிறு துளியூண்டு, ஆனா வளர்ற வயசுங்கறதால ஒரு கிலோ எடைக்கு அதுக்கு வேண்டிய சக்தி வளர்ந்த நாயைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஒரே தடவையில அவ்வளவையும் உள்ள தள்ள முடியாது, அதனால பிரிச்சுப் பிரிச்சு. சின்ன இனக் குட்டியா இருந்தா இன்னும் கவனம் வேணுமாம், ரொம்ப நேரம் வெறும் வயித்துல இருந்தா ரத்தத்துல சர்க்கரை இறங்கி தள்ளாட ஆரம்பிச்சிடும், நடுக்கம் வரும், சிலதுக்கு வலிப்பே வரும். எங்க ஆளு நடுத்தர சைஸ், அந்த பயம் கொஞ்சம் கம்மி.

குட்டியை எடுக்கப் போறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான்: அது பொறந்த இடத்துல என்ன சாப்பிட்டுச்சு, எத்தனை மணிக்கு சாப்பிட்டுச்சுன்னு கேட்டு எழுதிக்கோங்க, முடிஞ்சா அதே சாப்பாட்டுல ஒரு பையும் வாங்கிட்டு வந்துடுங்க. குட்டிங்க மூணு நாலு வாரத்துல பாலோட சேர்த்து குழைவான சாப்பாட்டை நக்க ஆரம்பிக்கும், ஏழு எட்டு வாரத்துல தாய்ப்பாலை மொத்தமா விட்டுடும், அதுக்கப்புறம்தான் பிரிச்சு எடுக்கணும். அம்மாவையும் கூடப் பொறந்ததுங்களையும் விட்டு வந்த அதிர்ச்சியிலயே வயிறு கலங்கும், அதே நேரத்துல சாப்பாட்டையும் மாத்தினா பேதி நிச்சயம், அப்போ எதனால வந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது. நாங்க முதல் வாரம் முழுக்க பழைய சாப்பாட்டையே பழைய நேரத்துலயே வெச்சோம்.

வந்த அன்னைக்கு சரியா சாப்பிடல. முகர்ந்து பார்த்துட்டு தட்டை ஒரு சுத்து சுத்தி வந்து போய்ப் படுத்துடுச்சு. உலர் சாப்பாட்டை வெதுவெதுன்னு இருக்கற தண்ணில பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊற வெச்சுக் குடுத்தா வாசனை கிளம்பும், பால் பல்லுக்கும் கடிக்க சுலபம், அப்படி வெச்சதும் அடுத்த வேளைக்கு தட்டைத் தள்ளிக்கிட்டே ரூம் முழுக்கப் போச்சு. ஊற வெச்சது கெட்டுப் போற சாமான், இருபது நிமிஷத்துல முடிக்கலைன்னா எடுத்துக் கொட்டிடுவோம், அடுத்த வேளைக்குப் புதுசு. தட்டை எடுத்துடறதுல இன்னொரு நல்லது இருக்கு, சாப்பாடு வர்ற நேரம்னு ஒண்ணு இருக்குன்னு குட்டிக்கு சீக்கிரம் புரிஞ்சிடும். தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும், அதை எடுக்கவே கூடாது.

அடுத்து பால் பஞ்சாயத்து. "கைக்குழந்தை மாதிரி இருக்கு, பால் குடுக்காம என்னடா வளர்க்கறீங்க"ன்னு அம்மா ஒரே பிடிவாதம். நாய்ப்பால்ல கொழுப்பும் புரதமும் மாட்டுப்பாலைவிட ரொம்ப அதிகம், மாட்டுப்பால்ல லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை அதிகம், பால் மறந்த குட்டிக்கு அதை ஜீரணிக்கற சக்தியும் குறைஞ்சுக்கிட்டே போகும், நிறைய குட்டிக்கு வயித்தால போகும்னு எடுத்துச் சொன்னேன். பெரிய நாய்க்கு ஒரு நாள் பேதின்னா சமாளிச்சிடும், குட்டிக்கு தண்ணிச்சத்து மளமளன்னு இறங்கிடும். தாய் இல்லாத, கண்ணு தொறக்காத குட்டியா இருந்தா கதையே வேற, அதுக்கு நாய்க்குட்டிக்குன்னு விக்கற பால் பவுடர்தான், முதல் வாரத்துல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, அதுவும் வயிறு கீழ இருக்கற மாதிரி குப்புறப் படுக்க வெச்சுத்தான், மல்லாக்கப் போட்டு ஊட்டினா நுரையீரலுக்குள்ள போயிடும். நல்லவேளை எங்களுக்கு அந்த நிலைமை வரல.

என்ன சாப்பாடுன்னு பார்த்தா பாக்கெட்டோட முன்பக்கப் படத்தை விட்டுட்டு பின்பக்கத்தைப் படிங்க. முழுமையான சமச்சீர் உணவுன்னு இருக்கணும், அதுவும் வளர்ற குட்டிக்குன்னோ எல்லா வயசுக்கும்னோ போட்டிருக்கணும். வளர்ந்த நாய்க்குன்னு மட்டும் போட்டிருந்தா குட்டிக்கு வேண்டாம். ஆஃப்கோ, ஃபெடியாஃப்னு சில பாக்கெட்ல இருக்கும், சத்து எவ்வளவு இருக்கணும்னு அளவு வெச்சிருக்கற அமைப்புங்க அதெல்லாம். ஆஃப்கோ கணக்குல வளர்ற குட்டி சாப்பாட்டுல ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தா புரதம் குறைஞ்சது 22.5 சதவீதமும் கொழுப்பு 8.5 சதவீதமும் இருக்கணும். பெரிய இனக் குட்டி, அதாவது வளர்ந்தா 32 கிலோ பக்கத்துல இல்ல அதுக்கு மேல போகும்னா, பெரிய இனத்துக்குன்னு தனியா வர்றதையே வாங்குங்க. எலும்பு நல்லா வளரட்டும்னு கால்சியம் டானிக் ஊத்தறாங்க பாருங்க, அதுதான் எனக்கு இதுல ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம். சின்னக் குட்டியோட உடம்புக்கு அதிகமா வர்ற கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, அது பாட்டுக்கு உறிஞ்சிக்கும், அதனாலயே எலும்பும் மூட்டும் கோணலா வளரும். நல்ல பாக்கெட் சாப்பாட்டுல கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்துல ஏற்கனவே இருக்கு. வீட்டுலயே சமைச்சுத்தான் போடுவேன்னா தாராளமா போடுங்க, ஆனா டாக்டர்கிட்ட சத்துக்கணக்கு போட்டு வாங்கிட்டு ஆரம்பிங்க, வெறும் கறியும் சோறும்னா கால்சியம் பத்தாது.

எவ்வளவு போடறதுங்கறதுலதான் எல்லாருக்கும் தலை சுத்துது. பாக்கெட்ல இருக்கற அட்டவணை ஒரு நாள் முழுக்கத்துக்கான அளவு, ஒரு வேளைக்கு இல்ல, இதை மறந்துடாதீங்க. சில பாக்கெட்ல இப்போதைய எடைக்கு இல்லாம வளர்ந்தா வரப்போற எடைக்கு அட்டவணை போட்டிருப்பான், அதையும் பாருங்க. நான் டாக்டர்கிட்ட கேட்டு ஒரு கணக்கும் போட்டு வெச்சுக்கிட்டேன், கால்குலேட்டர் இருந்தா போதும். குட்டியோட கிலோ எடையை மூணு தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கணும், அதுக்கு ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுக்கணும், அதை 70ஆல பெருக்கணும், சும்மா படுத்திருக்கறதுக்கே உடம்புக்கு வேண்டிய கலோரி அது. நாலு மாசத்துக்குள்ள இருக்கற குட்டிக்கு அதைப் போல மூணு மடங்கு, நாலு மாசத்துக்கு மேல ரெண்டு மடங்கு. நாலு கிலோ குட்டின்னு வைங்க, 4×4×4 = 64, வர்க்கமூலம் 8, மறுபடி எடுத்தா 2.83, எழுபதால பெருக்கினா 198, மூணு மடங்குன்னா கிட்டத்தட்ட 600 கிலோ கலோரி. சாப்பாட்டுல 100 கிராமுக்கு 360 கிலோ கலோரின்னு போட்டிருந்தா ஒரு நாளைக்கு 165 கிராம், நாலு வேளைன்னா வேளைக்கு 41 கிராம். தராசுல வெச்சுப் பாருங்க, ஒரு கைப்பிடிதான் இருக்கும், இவ்வளவுதானான்னு தோணும்! கப்புல அளக்காதீங்க, ஒருத்தர் தலைதட்டி போடுவார், இன்னொருத்தர் கோபுரமா குமிச்சுப் போடுவார், சமையல் தராசுதான் சரி.

இந்தக் கணக்கை அப்பப்போ திரும்பப் போடறதுலதான் விஷயம் இருக்கு. அஞ்சு மாசத்துல பத்து கிலோ ஆயிடுச்சுன்னா எடை ரெண்டரை மடங்கு, ஆனா மடங்கு மூணுலேருந்து ரெண்டா இறங்கிட்டதால சாப்பாடு 219 கிராம்தான் வரும், மூணுல ஒரு பங்குதான் கூடியிருக்கு. எடை கூடக்கூட அதே விகிதத்துல சாப்பாட்டையும் ஏத்திக்கிட்டே போனா குட்டி உருண்டையாயிடும், பெரிய இனத்துல அது மூட்டுக்கு நேரா கேடு.

கணக்கும் ஒரு தொடக்கம்தான், கடைசித் தீர்ப்பு விலா எலும்புகிட்ட. ரெண்டு கையையும் விலா மேல லேசா வெச்சுத் தடவினா எலும்பு தட்டுப்படணும், ஆனா கண்ணுக்குத் துருத்திக்கிட்டுத் தெரியக்கூடாது. மேல இருந்து பார்த்தா இடுப்பு கொஞ்சம் ஒடுங்கணும். அழுத்தித் தேடினாதான் விலா கிடைக்குதுன்னா குறைக்கணும், கை வைக்கறதுக்கு முன்னாடியே எண்ணிடலாம்னா கூட்டணும். குட்டி முகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சாப்பிட்டு முடிச்ச அடுத்த நிமிஷமே ஒரு வாரமா பட்டினி கிடந்த மாதிரி பார்க்கும், எங்க அப்பா அந்தப் பார்வைக்கு தினமும் விழுவார்.

நேரம்னு பார்த்தா காலைல 7, மதியம் 12, சாயங்காலம் 4:30, ராத்திரி 8:30. கடைசி வேளையை அதுக்கு மேல தள்ளல, ஏன்னா சாப்பிட்டதும் குடல் வேலை செய்ய ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துலேருந்து அரை மணி நேரத்துக்குள்ள வெளிய போகணும்னு குட்டிக்கு வந்துடும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அது முடிஞ்சாதான் நாமளும் தூங்க முடியும். நேரம் தவறாம சாப்பாடு போட்டதுல எங்களுக்குக் கிடைச்ச பெரிய லாபமே இதுதான், தட்டைக் காலி பண்ணினதும் நேரா வெளிய தூக்கிட்டுப் போயிடுவோம், வீட்டுக்குள்ள அசிங்கம் பண்றது தானா குறைஞ்சுது. யார் எந்த வேளை போட்டாங்கன்னு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டி டிக் அடிக்க வெச்சோம், இல்லைன்னா அம்மாவும் தம்பியும் ஆளுக்கு ஒரு காலைச் சாப்பாடு போட்டிருப்பாங்க. பழக்கறதுக்குக் குடுக்கற பிஸ்கட்டும் கணக்குல சேரும், நாள் கலோரில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, பாதி நேரம் அந்த நாளோட சாப்பாட்டுல இருந்தே நாலு உருண்டை எடுத்து வெச்சுக்கிட்டு அதையே குடுப்பேன், அதுக்கு வித்தியாசமே தெரியாது.

ரெண்டாவது வாரத்துக்கு மேல டாக்டர் சொன்ன சாப்பாட்டுக்கு மாத்தினோம். பழசு முக்கால் புதுசு கால், ரெண்டு மூணு நாள் கழிச்சு பாதிக்குப் பாதி, அப்புறம் புதுசு முக்கால், இப்படி ஒரு வாரம் பத்து நாள் இழுக்கணும். நடுவுல மலம் இளகிச்சு, ஒரு படி பின்னாடி போய் ரெண்டு நாள் நின்னுட்டு மறுபடி தொடர்ந்தோம், சரியாயிடுச்சு. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி உடம்பு இளைச்சே இருந்தா சாப்பாட்டைக் குறை சொல்லாதீங்க, புழுவா இருக்கலாம், தாய்கிட்ட இருந்தே உருண்டைப்புழு குட்டிக்கு வரும், அதனாலதான் ரெண்டு வார வயசுலேருந்தே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து குடுக்கச் சொல்றாங்க. பேதியோட வாந்தியும் சேர்ந்து, சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்துப் போய், மலத்துல ரத்தம்னா வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க, பார்வோங்கற வைரஸ் நோயா இருந்தா மணிக்கணக்குல நிலைமை மாறும்.

குடுக்கவே கூடாததுல சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் போட்ட சர்க்கரையில்லாத மிட்டாய், வேகவெச்ச எலும்பு. கடைசியாச் சொன்னதுக்குத்தான் வீட்டுல சண்டை வரும். வேகவெச்சா எலும்பு ஊசி ஊசியா சிதறும், தொண்டையிலயும் குடல்லயும் குத்தும்.

மூணு மாசம் தாண்டினதும் மதியமும் சாயங்காலமும் ஒண்ணா சேர்ந்து நடுவுல ஒரே வேளையாச்சு, மொத்த அளவு அதேதான், மூணா பிரிச்சோம். பல்லு விழுந்து முளைக்கற நேரத்துல, நாலு மாசத்துலேருந்து ஆறு மாசம் வரைக்கும், சில நாள் கடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது, மறுபடி ஊற வெச்சுக் குடுத்தோம். ஆறு மாசத்துல ரெண்டு வேளைக்கு மாத்தினப்போ காலைல மஞ்சளா நுரையா கொஞ்சம் கக்குச்சு, ராத்திரிக்கும் காலைக்கும் இடைவெளி கூடிப்போய் வெறும் வயித்துல பித்தம் ஏறுதுன்னு டாக்டர் சொன்னார், நாள் அளவுல இருந்தே ஒரு கைப்பிடி எடுத்து படுக்கப் போறப்ப குடுத்ததும் நின்னுடுச்சு.

இப்ப ரெண்டு வேளைதான் ஓடுது, ஆனா பாக்கெட் இன்னும் குட்டிகளுக்கானதுதான். சின்ன இனம் பத்து மாசம் ஒரு வருஷத்துல வளர்ந்த நாய் சாப்பாட்டுக்கு மாறலாம், பெரிய இனத்துக்கு ஒன்றரை வருஷம் வரைக்கும் கூட இழுக்கும், எங்களது நடுவுல இருக்கறதால ஒரு வருஷம் ஆகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்கார். கருத்தடை ஆபரேஷன் பண்ணினா அதுக்கப்புறம் கலோரி தேவை குறையும், அதனால அப்ப ஒரு தடவை எடை பார்த்து கணக்கை மறுபடி போடணும்.