ஹில்ஸ் சாலையின் இரண்டு ரோஜர்கள்

கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும் கூட்டத்தில் பெரும்பகுதி, ஹில்ஸ் சாலையை எட்டியதும் வலப்பக்கம் திரும்பிவிடும். கல்லூரிகள், தேவாலயங்கள், நீளக் கம்பை ஊன்றித் தள்ளும் படகுகள் எல்லாம் அந்தப் பக்கம். நம்மவர்களுக்கு ராமானுஜன் இருந்த ட்ரினிட்டி கல்லூரி ஒரு கூடுதல் கணக்கு. நான் இடப்பக்கம் திரும்பினேன். ரயில் பாலத்தைத் தாண்டிப் போகும் அந்த நீண்ட, அப்படியொன்றும் அழகில்லாத சாலையில்தான் பிங்க் ஃப்ளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாதிக் கதை கிடக்கிறது.

பாலத்துக்கு அப்பால் ஒரு பள்ளி வளாகம். இன்று ஹில்ஸ் ரோடு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி. அன்று ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கே அந்தக் குழுவின் இரண்டு ரோஜர்கள் படித்தார்கள். 1943-இல் பிறந்த ரோஜர் வாட்டர்ஸ் மூத்தவர். 1946 ஜனவரியில் பிறந்த ரோஜர் கீத் பாரெட் இளையவர். உள்ளூர் ஜாஸ் கலைஞர் ஒருவரின் பெயரை வைத்து நண்பர்கள் இளையவரைச் ‘சிட்’ என்று அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது. குழுவுக்குப் பிற்காலத்தில் ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த ஸ்டார்ம் தோர்கர்சனும் இதே பள்ளிதான். சிட்டின் வீடும் இதே சாலையில். பின்னாளில் குழுவில் கிதார் வாசித்த டேவிட் கில்மோர் படித்த பெர்ஸ் பள்ளியும் இதே சாலையில். ஊர்க் கோயில் தெருவில் நான்கு வித்வான்கள் பிறந்ததுபோல, ஒரே சாலை இத்தனை பேரை அனுப்பியிருக்கிறது.

இரண்டு ரோஜர்களுக்கும் தந்தை இல்லை. வாட்டர்ஸின் தந்தை 1944-இல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்முனையில் இறந்தார். மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. சிட்டின் தந்தை நோய்க்குறியியல் மருத்துவர். மகனுக்குப் பதினாறு வயது நிறையும் முன், 1961 டிசம்பரில் இறந்தார். முதல் இழப்பைப் பற்றி வாட்டர்ஸ் வாழ்நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் அப்படிப் பாடிய இன்னோர் இழப்பு சிட்.

கில்மோரும் சிட்டும் நெருங்கியது ஊருக்குள், ஈஸ்ட் சாலையில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில். இன்று அது ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகம். மதிய இடைவேளையில் இருவரும் கிதாரும் கையுமாக உட்கார்ந்து பழகுவார்களாம். 1965 கோடையில் பிரான்சின் தென்கரைக்குப் போய்த் தெருவில் வாசித்துப் போலீசிடம் மாட்டிக்கொண்டதும் இந்த ஜோடிதான். யாருடைய இடத்தில் தான் உட்காரப்போகிறோம் என்பது அன்று கில்மோருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சிட் 1964-இல் ஓவியம் படிக்க லண்டன் கேம்பர்வெல் கலைக் கல்லூரிக்குப் போனார். வாட்டர்ஸ் லண்டனிலேயே வேறொரு கல்லூரியில் கட்டடக்கலை மாணவராக இருந்து, நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோருடன் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். சிட்டும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்டு கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சேர்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் சிட். 1967 ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பத்தில் மொத்தம் 11 பாடல்கள். அவற்றில் 8 அவர் தனியாக எழுதியவை. பூதங்கள், பூனை, சோளக்கொல்லைப் பொம்மை, கூடையும் மணியும் வைத்த மிதிவண்டி என்று ஒரு குழந்தையின் உலகம். அதன் நடுவே திடீரென்று பத்து நிமிடத்துக்கு நெருங்கும் வாத்திய இரைச்சல்.

அவர் வாசித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபெண்டர் எஸ்கொயர் கிதாரின் மேல் வட்டமான கண்ணாடித் தகடுகளை ஒட்டியிருந்தார். மேடை விளக்கு பட்டால் அரங்கம் முழுக்கப் புள்ளிகள் தெறிக்கும். விரல் போதாதென்று ஸிப்போ சிகரெட் லைட்டரைக் கம்பிகளின் மேல் இழுப்பார். அந்தச் சத்தத்தை பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவிக்குள் அனுப்பினால் ஒரு கீறல் பத்துக் கீறலாகத் திரும்பி வரும். சிட் போன பிறகும் அந்தக் கருவி குழுவில் இருந்தது. 1971-இல் வாட்டர்ஸ் தன் பேஸ் கிதாரை அதே பின்சனுக்குள் விட்டு ஒரு பாடலையே கட்டினார். பிங்க் ஃப்ளாய்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் அந்த விரிந்த வெளிச் சத்தத்துக்கு விதை போட்டவர் யார் என்று கேட்டால், கில்மோரின் ரசிகனான நானும் சிட் என்றுதான் சொல்வேன்.

1967 முடிவதற்குள் எல்லாம் சரிந்தது. எல்எஸ்டி என்ற போதைப்பொருள் ஒரு காரணம். திடீர்ப் புகழும், ‘இன்னொரு வெற்றிப்பாடல் எங்கே’ என்ற நெருக்கடியும் சேர்ந்தன. மேடையில் ஒரே சுரத்தை வாசித்துக்கொண்டு நிற்பார், அல்லது வாசிக்கவே மாட்டார். அவருக்கு இருந்த நோய் இன்னதென்று பெயர் சூட்டுபவர்கள் இணையத்தில் ஏராளம். அந்த வைத்தியத்தை நான் செய்யப்போவதில்லை.

கில்மோரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துச் சில கச்சேரிகள் நடந்தன. 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டனுக்குக் காரில் கிளம்பிய நாளில், சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று இன்னொருவர் சொல்ல, வண்டி நேராகப் போய்விட்டது. சண்டை இல்லை, கடிதம் இல்லை. இளைஞர்கள் இப்படித்தான் கொடுமை செய்வார்கள், கண்ணைப் பார்க்காமல். அந்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாடல் சிட்டுடையது. நான் இங்கே இல்லை என்பதை நீங்களே தெளிவாக்கியதற்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன் என்கிற தொனியில் அது தொடங்கும். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பேண்டு வாத்தியக்காரர்களை வரவழைத்து, மனம் போனபடி ஊதச் சொன்னாராம்.

குழுவின் அடுத்த பத்தாண்டுகளை நான் அந்தக் காருக்கான பிராயச்சித்தமாகத்தான் கேட்கிறேன். சிட்டின் முதல் தனி ஆல்பத்துக்கு கில்மோரும் வாட்டர்ஸும், இரண்டாவதற்கு கில்மோரும் ரைட்டும் உதவினார்கள்; 1970-இல் இரண்டும் வந்தன. 1973-இல் மனநிலை பிறழ்வதைப் பற்றிய ஆல்பம் உலகமெங்கும் விற்றது. 1974-இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கத்து ஒத்திகைக் கூடத்தில் கில்மோரின் கிதாரிலிருந்து நான்கு சுரங்கள் தற்செயலாக விழ, வாட்டர்ஸுக்கு உடனே சிட் நினைவு வந்தது. ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ அப்படிப் பிறந்தது. இரண்டாக வெட்டி, ஆல்பத்தின் முன்னும் பின்னும் வைத்த நெடும்பாடல். அதன் கடைசிப் பகுதி தேய்ந்து மறையும் இடத்தில் காதைக் கூர்மையாக வைத்தால், ரைட் தன் சிந்தசைஸரில் சிட் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’ மெட்டை ஒரு வரி மட்டும் வாசித்துவிட்டுப் போவது கேட்கும். வரிகளில் வாட்டர்ஸ் சொன்னதையெல்லாம் விட இந்த ஒற்றை வரி எனக்கு நேர்மையாகப் படுகிறது.

1975 ஜூன் 5 அன்று, அதே ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஆபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் பருத்த மனிதர் ஒருவர் வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்திருந்தன. ஆளை யாருக்கும் தெரியவில்லை. சிட் என்று புரிந்தபோது வாட்டர்ஸ் அழுதுவிட்டதாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மதியம் ஊருக்குள் வந்தேன். வீலர் தெருவில் கார்ன் எக்ஸ்சேஞ்ச் அரங்கம். 1972 பிப்ரவரியில் ‘ஸ்டார்ஸ்’ என்ற புதுக் குழுவோடு சிட் இங்கே மேடையேறினார். கச்சேரி சொதப்பியது, பத்திரிகை விமர்சனம் கிழித்தது, அவர் விலகிவிட்டார். அதே அரங்கில் 2016-இல் அவருக்கு நினைவுக் கலைப்படைப்பு வைத்தார்கள். ஊர்கள் இப்படித்தான் கணக்கைத் தாமதமாகத் தீர்க்கும்.

அங்கிருந்து நியூன்ஹாம் வழியாக கிராண்ட்செஸ்டர் புல்வெளிக்கு நடை. கேம் ஆற்றை ஒட்டிய ஒற்றையடிப் பாதை, சாய்ந்த வில்லோ மரங்கள், பாதையை விட்டு நகராத மாடுகள். செருப்பில் சாணி ஒட்டியதும் ஊர் நினைவு வந்தது. 1969-இல் வாட்டர்ஸ் இந்தப் புல்வெளியின் பெயரிலேயே ஒரு பாடல் எழுதினார். வானம்பாடி கூவிக்கொண்டேயிருக்க, முடிவில் ஒரு பூச்சி ரீங்காரமிட்டு வந்து அடிபடும். அடித்தொண்டையில் பாடப்படும் அந்தப் பாடலில் சிட்டின் பெயர் இல்லை. இருவருக்கும் பொதுவான பிள்ளைப்பருவம் இருக்கிறது.

சிட் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடந்தே திரும்பிய கதை இந்த ஊரில் பிரசித்தம். செர்ரி ஹின்டன் சாலையை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில், மறுபடியும் ரோஜராக வாழ்ந்தார். மிதிவண்டியில் கடைக்குப் போவார், தோட்டம் பார்ப்பார், ஓவியம் வரைந்து, புகைப்படம் எடுத்துவிட்டு, ஓவியத்தை அழித்துவிடுவார். ‘சிட் இருக்கிறாரா’ என்று கதவைத் தட்டிய ரசிகர்களை அவருக்குப் பிடிக்காது. 2006 ஜூலை 7 அன்று, அறுபது வயதில், கணையப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய மிதிவண்டிகளும் அவர் கையால் செய்த மரச்சாமான்களும் அந்த நவம்பரில் இதே ஊரில் ஏலம் போயின. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது.

அந்தத் தெருவின் முனைவரை போனேன், உள்ளே போகவில்லை. இப்போது அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள்; போகிறவர்களும் போகாமல் இருந்தால் நல்லது.

அவருக்குப் பணக்கஷ்டம் இருக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. ராயல்டி ஒழுங்காகப் போய்ச் சேர்வதை கில்மோர் கவனித்துக்கொண்டார். 2001-இல் வந்த தொகுப்பு ஆல்பத்தில் உள்ள 26 பாடல்களில் ஐந்து சிட்டுடையவை. மிகக் குறைந்த காலமே இருந்தவருக்கு அது பெரிய பங்கு.

நீங்கள் போவதானால் ஹில்ஸ் சாலையை முதலில் முடித்துவிடுங்கள், அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மாலையைப் புல்வெளிக்கு வையுங்கள். மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும் என்பதால் நல்ல காலணி தேவை. காதில் போட்டுக்கொள்ள 1975 ஆல்பத்தைவிட 1967 ஆல்பம் உகந்தது. அதில் அவர் இன்னும் இருக்கிறார், சிரிக்கிறார், மிதிவண்டியைக் காட்டி ஆசை காட்டுகிறார்.