வெள்ளைக்கல்லுக்குள்ள அடைஞ்ச வாயு – செஞ்சு பாத்தது இதுவரைக்கும்

பள்ளிக்கூட புத்தகத்துல பூமிய காத்து, தண்ணி, பாறை, உயிர்னு நாலு வட்டமா போட்டு காட்டுவாங்கல்ல, அந்த நாலுக்கும் நடுவுல என்னதான் போகுது வருதுன்னு கையால தொட்டு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. சேலத்துல இருக்குறவங்களுக்கு அதுக்கு எங்கயும் அலைய வேண்டாம். கருப்பூர், மாமாங்கம் பக்கம் கெடக்குற வெள்ளைக்கல்லே போதும். மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் நெறைய உள்ள கரும்பச்சை பாறையோட விரிசல்ல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்ச தண்ணி எறங்கி, வாயுவும் மெக்னீசியமும் சேந்து உறைஞ்சதுதான் அந்த வெள்ளை நரம்பெல்லாம்.

முதல்ல சுண்ணாம்புத் தெளிநீர் ரெடி பண்ணேன். வெத்தலைக்கு வாங்குற சுண்ணாம்ப தண்ணில கலக்கி ராத்திரி பூரா விட்டா மேல தெளிஞ்சு நிக்கும், அத மட்டும் இறுத்து எடுத்துக்கணும். கார்பன் டை ஆக்சைடு பட்டா இது பால் மாதிரி ஆயிடும். மூடாம வச்ச கிண்ணத்துல கொஞ்ச நேரத்துலயே மேல மெல்லிசா ஒரு ஏடு படிஞ்சிருந்துச்சு, அது நாம மூச்சு விடுற இதே காத்துல இருந்து வந்தது, காத்துல 0.04 சதவீதம் சொச்சம்தான் இந்த வாயு இருக்கு, அவ்ளோ கொஞ்சமே கண்ணுக்கு தெரியுற மாதிரி கல்லாகுதுன்னா எனக்கு புல்லரிச்சு போச்சு.

அப்புறம் கல்லு. காட்டுல கெடைக்குற சுக்கான்கல், அதாவது சுண்ணாம்பு கலந்த கல்லு, மேல ஒரு சொட்டு வினிகர் விட்டா உடனே பொங்குது. எங்க வீட்டு போர் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல அடியில படியுற வெள்ளை உப்பும் அப்படித்தான் பொங்குச்சு. வெள்ளைக்கல் மட்டும் பச்சையா அசையவே இல்ல. அதோட கொணம் அது, சூடு வேணும். நல்லா இடிச்சு பொடியாக்கி, கடையில விக்குற லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கரைச்ச சுடுதண்ணில போட்டேன், பக்கத்துலயே பொடி போடாம வெறும் லெமன் சால்ட் சுடுதண்ணி ஒரு பாட்டில். இது முக்கியம், ஏன்னா சுடுதண்ணில இருந்து சும்மாவே காத்து குமிழி வரும், அத கல்லோட வாயுன்னு நெனச்சுர கூடாது. ரெண்டுலயும் டியூப் விட்டு தெளிநீர்ல எறக்குனதுல பொடி போட்ட பாட்டில்ல இருந்து வந்தது மட்டும் மெதுமெதுவா தெளிநீர பாலாக்குச்சு.

ஆனா மனசுக்கு நின்னது செவ்வாப்பேட்டையில செஞ்சதுதான். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கொலுசு பட்டறை வச்சிருக்காரு. வெள்ளி உருகறதுக்கு 961 டிகிரி வேணும், வெள்ளைக்கல் தன் வாயுவ விடுறதுக்கு அவ்ளோ சூடே தேவையில்ல, அதனால அவர் அடுப்பு தாராளம், தராசும் பக்கா. மூசையில, அதாவது உலோகம் உருக்குற கிண்ணத்துல, 50 கிராம் பொடி போட்டு நல்லா நேரம் குடுத்து சுட்டு, ஆறவிட்டு நிறுத்தா 25 கிராம் சொச்சம். அண்ணன் தராச துடைச்சுட்டு மறுபடி நிறுத்து பாத்தாரு. "பாதி எங்க தம்பி போச்சு? இவ்ளோ சேதாரம் எந்த வேலையிலயும் நான் பாத்ததில்ல"ன்னாரு. காத்துல போச்சுண்ணேன்னு சொன்னேன். கணக்குப்படி 84 கிராம் மேக்னசைட்ல 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, அப்ப 50-க்கு 24 மிஞ்சணும், நம்ம கல்லுல கொஞ்சம் சிலிக்கா கலந்திருக்கும், அதான் மேல நின்னுது. எடையில பாதிக்கு மேல வாயுவா இருக்குற கல்ல நாம சாதாரணமா தாண்டி போயிட்டு இருக்கோம். இரும்பு உலைக்கான செங்கல்லுக்கு இத சூளையில சுடும்போதும் அடைஞ்சு கெடந்த வாயு இப்படியேதான் வெளிய போகுது, கரி எரியுற புகை தனிக்கணக்கு.

இதுக்கு நேர் எதிர் வேலைய ஐஸ்லாந்துல செய்றாங்க. ஹெல்லிஷெய்திங்குற, பூமிக்குள்ள இருக்குற சூட்டுல ஓடுற மின்நிலையத்துல 2012-ல கார்பன் டை ஆக்சைட தண்ணில கரைச்சு எரிமலைக் குழம்பு உறைஞ்சு ஆன பசால்ட் பாறைக்குள்ள எறக்குனாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள 95 சதவீதத்துக்கு மேல கல்லாயிடுச்சுன்னு 2016-ல அறிவிச்சாங்க. நம்ம ஊரு மண்ணுல எந்த மெஷினும் இல்லாம அதே மாதிரி வேல நடந்திருக்கு.

ஏற்காடு பக்கமும் போனேன். கொண்டை ஊசி வளைவுல வெட்டுன எடத்துல தெரியுற சார்னோக்கைட்ங்குற கெட்டிப்பாறை மேல வினிகர் விட்டா ஒண்ணும் நடக்கல, அதுல கார்பனேட் கெடையாது. ஆனா மழைத்தண்ணி காத்துல இருந்தும் மண்ணுல வேர் விடுற மூச்சுல இருந்தும் கார்பன் டை ஆக்சைட எடுத்துக்கிட்டு லேசா புளிச்சு இந்த பாறைய அரிச்சுக்கிட்டே இருக்கு. கால்சியமும் மெக்னீசியமும் கரைஞ்சு பைகார்பனேட்டோட திருமணிமுத்தாறு, காவேரின்னு கடலுக்கு போயி அங்க சிப்பி ஓடாகுது. இந்த தண்ணில லேசுல கரையாத அலுமினியம் மலை உச்சியில பாக்சைட்ங்குற தாதுவா தங்கிருச்சு. காப்பி தோட்டத்து வேரும் இதுல ஒரு ஆளு, உயிர்ங்குற நாலாவது வட்டம்னு தனியா ஒண்ணு இல்லவே இல்ல.

இப்ப பட்டறையில இருந்து கொண்டு வந்த சுட்ட பொடி என்கிட்ட ரெண்டு தட்டுல இருக்கு. தண்ணில கொஞ்சம் போட்டு மஞ்சள்தூள் தடவுன காகிதத்த நனைச்சா செவக்குது, அதாவது அமிலத்துக்கு எதிரான காரம். ஒரு தட்டு தொறந்து கெடக்கு, ஒண்ணு காத்து புகாத டப்பாவுல. தொறந்தது மெதுவா எடை ஏறுது. ஏறுறதுல காத்துல இருக்குற ஈரம் எவ்ளோ, கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு பிரிக்கணும். மழைக்காலம் முடிஞ்சதும் ரெண்டுலயும் ஒரே அளவு எடுத்து லெமன் சால்ட்ல போட்டு வர்ற வாயுவ ஊசிபோடுற சிரிஞ்சுல பிடிச்சு அளக்க போறேன், சிரிஞ்சு வாங்கியாச்சு.