மொட்டைமாடிக்கு மேல் இன்னொரு கூரை

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல காங்கிரீட் வீடு, செலவு பார்க்காமல் செய்த முகப்பு, மொட்டைமாடிக்கு மேல் இரும்புக் குழாய் நிறுத்தி நீலத்திலோ சிவப்பிலோ ஷீட். ட்ரஸ் வொர்க் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். குமரி மாவட்டத்தின் இன்றைய கட்டிடக்கலை எது என்று யாராவது கேட்டால் அந்த ஷீட் கூரையைத்தான் காட்டுவேன். எந்தக் கல்லூரியும் சொல்லித் தராமல், மழையிலும் வெயிலிலும் அடிபட்டு நம் ஜனங்களே கண்டுபிடித்த விடை அது. எனக்குள்ள ஒரே ஆதங்கம், அது பிளானில் இருப்பதில்லை. பால்காய்ச்சு முடிந்து நாலைந்து வருஷம் கழித்து, ஸ்லாப் ஒழுகத் தொடங்கியபின் வெல்டரைக் கூப்பிட்டு வைக்கிறோம்.

என்னிடம் வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள். வெள்ளைப் பெட்டிகளாக ஒரு வீடு இருக்கும். சுவரைத் தாண்டி நீளும் இறவாரம் இல்லை, சன்ஷேடு இல்லை, சுவர் நேரே மேலே போய் நின்றுவிடும். "இதே எலிவேஷன் வேணும் மக்களே" என்பார்கள். படம் அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் சுவரில் சாய்ந்து அடிக்கும். இரண்டாம் வருஷமே மேற்குச் சுவரில் பாசி ஏறிவிடும். மாடியைச் சுற்றி நிற்கும் பாரபெட் சுவரின் அடியில் தண்ணீர் கட்டி நின்று, கம்பி துருப்பிடித்து, உள்ளே சீலிங்கில் காரை பெயரும். அதன்பிறகுதான் ஷீட்.

பிரான்சிஸ் கெரேயைப் பற்றி நான் எல்லாரிடமும் பேசுவது இதனால்தான். ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்கிற கிராமத்தில் பிறந்தவர். தச்சுவேலை படிக்க ஜெர்மனிக்குப் போய், பிறகு பெர்லினில் கட்டிடக்கலை படித்தார். மாணவராக இருக்கும்போதே பணம் திரட்டித் தன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 2001-இல் முடிந்தது. 2022-இல் கட்டிடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர். அந்தப் பள்ளிக்கூடத்தின் படத்தை முதலில் பார்த்தபோது என் கண் போனது கூரைக்குத்தான். அப்படியே நம்ம ஊர் ட்ரஸ் வொர்க்!

மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திய கற்களால் சுவர். வகுப்பறைக்கு மேலே அதே கற்களை நடுநடுவே இடைவெளி விட்டு அடுக்கிய ஒரு தளம். அதற்கும் மேலே, நன்றாக உயர்த்தி, சாதாரணக் கம்பிகளை வெல்டிங் செய்த ட்ரஸ்; அதன்மேல் தகர ஷீட், சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கிறது. தகரம் சுடும், ஆனால் அந்தச் சூடு வகுப்பறைக்குள் இறங்காது. இரண்டு கூரைக்கும் நடுவில் காற்று ஓடி அடித்துக்கொண்டு போய்விடும். அறையின் சூடான காற்றும் தளத்தின் இடைவெளி வழியே மேலேறி அதோடு சேர்ந்துவிடும். நீண்ட இறவாரம் மண்சுவரை மழையில் நனைய விடாது. வேலை செய்தவர்கள் கிராமத்து ஆட்கள். கைரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் போதுமாக இருந்தது. நம் வெல்டருக்கு இதில் தெரியாதது ஒன்றுமே இல்லை. கெரே அந்தக் கூரையை முதல் கோட்டிலேயே வரைந்தார், நாம் கடைசியில் ஒட்டுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம். பின்னால் ஒட்டும்போது இறவாரம் அரை அடி நீண்டாலே அதிகம். பக்கவாட்டையும் ஷீட்டால் அடைத்துவிடுவார்கள், சூடு உள்ளேயே கிடந்து வேகும்.

இதைப் புரியவைக்க ஆப்பிரிக்காவரை போக வேண்டாம் என்பதால், பிளான் பேச வருகிறவர்களைச் சில சமயம் பத்மநாபபுரம் அரண்மனைக்கே கூட்டிப்போவேன். தக்கலையிலிருந்து பக்கம்தானே. (திங்கட்கிழமை விடுமுறை. இடம் நம் மாவட்டம், பராமரிப்பது கேரள அரசு.) ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கொஞ்சநேரம் சும்மா நிற்கச் சொல்வேன். சாய்த்து வைத்த மரச் சட்டங்களுக்கிடையில் காற்று வரும், கண்கூசும் வெளிச்சம் வராது. பிறகு வெளியே வந்து கூரையின் முனையைக் காட்டுவேன். முக்கோணமாக ஒரு மர முகப்பு, அதில் இடுக்குகள். பலரும் அதை அலங்காரம் என்றே நினைத்திருப்பார்கள். ஓட்டுக்கு அடியில் சேரும் சூடு வெளியேற வைத்த வழி அது. இறவாரம் தாழ்ந்து இறங்குவதால் உச்சிவெயில் சுவரைத் தொடுவதே இல்லை. கட்டிடக்கலைஞர் சார்லஸ் கொரியா 1960-களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் ஒரு குறுகலான வீட்டை வடிவமைத்தார். சாய்ந்த கூரையின் உள்பக்கமாகச் சூடு மேலேறி உச்சியில் உள்ள திறப்பில் வெளியே போகும், கீழே இருந்து புதுக்காற்று வரும். ஏசி தேவைப்படாத வீடு. அரண்மனை ஆசாரிகளுக்கும் அவருக்கும் தோன்றிய வழி ஒன்றுதான்.

திருவனந்தபுரம் ரயிலில் போனால் தம்பானூரில் கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி குடிக்காமல் நான் திரும்புவதில்லை. சுழன்று ஏறும் சரிவு, ஓட்டை ஓட்டையாகச் செங்கல் சுவர், ஃபேன் காற்றே வேண்டாம். ஆனால் என் வேலைக்கு அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஃபில்லர் ஸ்லாப். தளத்தில் பாரம் ஏறும்போது மேல்பாதி நசுங்கும், கீழ்பாதி இழுபடும். இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவில் கீழே கிடக்கும் காங்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலையில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்த்துவிடலாம். சிமென்ட் மிச்சம், ஸ்லாப் எடை குறைவு, இரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் நடுவிலுள்ள காற்று சூட்டைத் தடுக்கும். ஓட்டு வீட்டைப் பொளிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டை விற்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். "ஸ்லாபுக்குள்ள ஓடா? தாங்குமா?" என்று கொத்தனார்கள் முதலில் தயங்குவார்கள். ஒரு வார்ப்பு பார்த்துவிட்டால் அடுத்த வீட்டுக்கு அவர்களே சொல்வார்கள்.

இன்னொன்று, மாடியில் தலைநீட்டி நிற்கும் கம்பிகள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே எடுக்கலாம் என்று விட்டது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிற எஞ்சினியர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தூரில் கட்டிடக்கலைஞர் பி.வி.தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் பல குடும்பங்களுக்குக் கொடுத்தது ஒரு அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர் வசதியும்தான். மிச்சத்தைக் கையில் காசு வரவர அவர்களே கட்டிக்கொண்டார்கள். வீடு வளரும் என்பதை முன்கூட்டியே ஏற்று வரைந்தவர் அவர். நம் ஆட்களின் கம்பியிலும் அதே எண்ணம்தான். அந்த மகன் வளரும்வரை ஸ்லாபை யார் காப்பது என்பதுதான் கேள்வி.

ஆகவே நான் இப்போது மேல்கூரையைச் சேர்த்தே வரைகிறேன். பின்னால் கழற்றி ஒரு மாடி உயர்த்தலாம் என்பதுபோலத் தூண்களின் மேல் போல்ட்டில் நிற்கும் ட்ரஸ். பாரபெட் சுவருக்குப் பதில் கம்பிக் கிராதி. இரு முனையிலும் முகப்பை அடைக்காமல் மரச் சட்டமோ, துளைகள் உள்ள சிமென்ட் ஜாலியோ. அடியில் துணி காயும், ரப்பர் வெட்டுகிற வீடுகளில் மழைக்காலத்தில் ரப்பர் பாலை உறையவைத்த பால்ஷீட்டும் தொங்கும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது கூரைகள் பறந்ததை இந்த மாவட்டம் மறக்காது. திறந்த கூரைக்கு அடியில் புகும் காற்று மேலே தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். அதிக இழுவை ஓரத்திலும் மூலையிலும்தான். அதனால் நடுவில் இருப்பதைவிட ஓரங்களில் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்க வேண்டும், ட்ரஸ்ஸின் கால் காங்கிரீட்டோடு பிணைந்திருக்க வேண்டும். இறவாரத்தை நீட்டச் சொல்கிற நானே இதையும் சைட்டில் நின்று எண்ணிப் பார்க்கிறேன்.

மழைச் சத்தம் தாங்கவில்லை என்கிறவர்களுக்கு, இலங்கையில் கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா செய்ததைச் சொல்வேன். நெளி சிமென்ட் ஷீட்டின் மேல் நாட்டு ஓட்டைப் பதித்தார். ஒழுகாமல் காப்பது ஷீட், பார்வைக்கும் குளிர்ச்சிக்கும் ஓடு. எடை கூடும், ட்ரஸ்ஸை அதற்கேற்ப வலுவாக்க வேண்டும்.

இப்போது வரைந்துகொண்டிருப்பது திருவட்டாறு பக்கம் ஒரு வீடு, ஐந்து சென்ட். மேற்கே நாலடி இறவாரம், மற்ற பக்கம் மூன்றடி. வடக்கே எல்லை நெருக்கம், அங்கே விழும் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போகக் கூடாது. கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் பாத்தி வைத்துக் குழாயில் இறக்கிக் கிணற்றுப் பக்கம் விடலாம் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். குழாய் எந்தத் தூணை ஒட்டி இறங்கும் என்பது வெல்டர் வந்து அளந்தபின் முடிவாகும்.