ஒரம்பரை வரும் முன்னே ஓட்டைப் பாருங்க

வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வருகிறது என்றால் நம்ம ஊரில் பாதிப்பேர் முதலில் ஓடுவது பெயிண்ட் கடைக்கு. வாசல் சுவர் பளபளவென்று இருக்கும். குளியலறைத் தாழ்ப்பாள் விழாது. வந்தவர் ஒரு கையில் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையில் குளித்துவிட்டு வர வேண்டும். என் கட்சி வேறு. வந்தவர்கள் கை படுகிற இடமும் தலை வைத்துப் படுக்கிற இடமும் சரியாக இருக்க வேண்டும். சுவரின் நிறத்தைப் பற்றி யாரும் நம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் போய்ச் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

இந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகள், மாப்பிள்ளை, இரண்டு பேத்திகள், கூடவே மாப்பிள்ளையின் அக்கா குடும்பமும் வருகிறது. எங்கள் வீடு ஊத்துக்குளிப் பக்கம். முன்பாதி எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்து ஓட்டு வீடு, பின்பாதி பிற்பாடு சேர்த்துக் கட்டிய தார்சு, அதாவது தளம் போட்ட வீடு. சமையலறையும் குளியலறையும் தார்சில் இருக்கின்றன. ஆசாரமும் (கூடம்) வருகிறவர்கள் படுக்கும் அறையும் ஓட்டுக்கு அடியில். பழுது வந்தால் இரண்டு பாதிக்கும் வேறு வேறு வைத்தியம்.

நான் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டியே தலை நரைத்தவன். பனியன் துணியை மடித்து வைத்துப் பார்த்தால் எல்லாமே நல்ல துணிதான். விரித்துப் போட்டு, அடியில் வெளிச்சம் கொடுத்து இழுத்துப் பார்த்தால்தான் ஓட்டையும் ஊசிக் கோடும் எண்ணெய்க் கறையும் தெரியும். வீடும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் மார்கழி பிறந்ததும் நானும் வீட்டம்மாவும் எங்கள் கட்டிலை விட்டுவிட்டு, வருகிறவர்கள் படுக்கும் அறையில் ஓர் இராத்திரி படுத்துப் பார்ப்போம். பகலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அகப்படாத குறையெல்லாம் இருட்டில் வரிசையாக வரும்.

இந்த முறை வந்த வரிசை இது. லைட் சுவிட்ச் கதவோரம் இருக்கிறது. அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு வருவதற்குள் கால் கட்டைவிரல் பீரோவில் இடிக்கிறது. போன் சார்ஜ் போடும் பிளக் அதே பீரோவுக்குப் பின்னால். இந்தக் காலத்து ஒரம்பரை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பது அதைத்தான். ஜன்னல் கொசுவலையில் மூலையில் ஒரு கிழிசல். மல்லாந்து படுத்தால் ஓட்டுச் சந்தில் நிலா.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் வீட்டம்மா.

"மழை வந்தா மாப்பிள்ளை நெஞ்சுலதான் சொட்டும்" என்றேன். அதற்கு மேல் அவள் நிலாவை ரசிக்கவில்லை.

ஓட்டை நகர்த்தியது மயில். சின்ன வயதில் மயில் பார்க்கச் சென்னிமலையோ விராலிமலையோ போக வேண்டும் என்பார்கள். இப்போது எங்கள் காட்டில் கோழியைவிட மயில்தான் அதிகம். வேப்பமரத்திலிருந்து கூரை மேல் தொப்பென்று குதிக்கும், நடக்கும், ஓடு விலகும். தேசியப் பறவை, 1972ஆம் வருடச் சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. போதாததற்கு முருகன் வாகனம். கை தட்டி விரட்டுவதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

மங்களூர் ஓடு என்கிற சீமை ஓட்டை மாற்ற மேலே ஏற வேண்டும் என்பதில்லை. உள்ளே மறைப்புத் தட்டி அடிக்காத கூரையென்றால், ஸ்டூல் போட்டு உள்ளிருந்தே வேலையை முடிக்கலாம். ஓட்டின் அடியில் ஒரு மூக்கு இருக்கும், அது ரீப்பர் (குறுக்குச் சட்டம்) மேல் மாட்டியிருக்கும். மேல் வரிசை ஓட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரிசல் விட்டதை முன்னால் தள்ளி உருவி, புதியதை அதே வழியில் கொடுத்து மூக்கு மாட்டும்வரை இழுக்க வேண்டும். பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் இதன் வரப்பு உட்கார்ந்தால் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அது கேட்கவில்லையென்றால் உட்காரவில்லை என்று அர்த்தம். பழைய ஓடு கிடைக்கும்போதே பத்திருபது வாங்கிப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) அடுக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓடு பொருந்தாது.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். ஆசாரத்தின் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூத்துப்போய்க் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கீழ சிமெண்டு பூசி, மேல பட்டி பார்த்து, எமல்ஷன் அடிச்சு விட்டுர்லாமுங்க. பத்து வருசத்துக்குத் தொட வேண்டியதில்லீங்க" என்றார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் தார்சு வீட்டுக் கை.

எங்கள் சுவர் கல் அஸ்திவாரத்தின் மேல் மண்ணும் சுண்ணாம்புமாக எழுப்பியது. இப்போது கட்டும் வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் ஒரு பட்டை போடுகிறார்களே, அதெல்லாம் கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் போட்டு அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு உள்ளேயே பூத்துப் பெயிண்டைத் தோலோடு உரிக்கும். அந்த வடக்குச் சுவரில் காரை உதிர்ந்த இடமே முன்பு யாரோ சிமெண்ட் ஒட்டுப் போட்ட இடம்தான். இதைச் சொன்னதும் கொத்தனார் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களே பார்த்துக்குங்ண்ணா" என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒட்டை உளியால் தட்டி எடுத்துவிட்டு, மணலும் சுண்ணாம்பும் குழைத்து நானே பூசினேன்.

வெள்ளையடிக்கப் பாக்கெட் சுண்ணாம்பு கடையில் கிடைக்கிறது. எனக்குக் கல் சுண்ணாம்புதான் பிடிக்கும். தகர டிரம்மில் தண்ணீர் ஊற்றி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அடுப்பே இல்லாமல் அது புகைந்து, குமிழி விட்டு, சோறு போலத் தளதளவென்று கொதிக்கிறதைப் பேத்திகளுக்குக் காட்ட ஆசைதான். ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பொங்கல் ஆஸ்பத்திரியில்தான். அதனால் அவர்கள் வருமுன்பே முடித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டால் சூட்டில் அது இளகிவிடும். இரண்டு மூன்று நாள் மூடி வைத்து, பழைய பனியனில் வடிகட்டி, ஒரு கை உப்பும் துளி நீலமும் சேர்த்தால் போதும். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு மெல்லிசாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே பிடிக்காததுபோல் கண்ணாடி மாதிரித் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துபோய்க் கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும். பொறுத்தால் மதியத்துக்குள் தானாக வெளுக்கும். மறுநாள் இன்னொரு கை, அதற்கு மறுநாள் இன்னொன்று. மார்கழி வெயில் இதற்கென்றே செய்தது போல. சுருக்காகக் காயாமல் நிதானமாகக் காயும். இத்தனைக்கும் மதுக்கரையில் வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் கொத்தனார் சொன்ன அந்தச் சிமெண்டும் வருகிறது.

தாழ்ப்பாள், குழாய் எல்லாம் சில்லறை வேலை. மரக்கதவு இறங்கிவிட்டால் தாழ்ப்பாளைப் பெயர்த்து அடிக்காதீர்கள், மேல் கீலின் திருகாணியைப் பாருங்கள். ஓட்டை அகண்டு ஆடும். காய்ந்த வேப்பங்குச்சியைச் சீவி உள்ளே அடித்து, மீதியை ஒடித்துவிட்டு, அதன் மேல் அதே திருகாணியை முடுக்கினால் கதவு நிமிர்ந்துவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஷவர் தலையில் பாதித் துளை அடைத்திருந்தது. கழற்றி ஓர் இராத்திரி புளித்தண்ணீரில் போட்டேன், சரியாகிவிட்டது.

இனி பின்னல். இதைச் சொன்னால் ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள்: வேட்டி கட்டிய ஆள் திண்ணையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக. 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு வேண்டியதுதான். ஆனால் சாயம் போட வழியில்லை என்றால் துணி ஓட்டி என்ன செய்வது? மெஷின் நின்றது, நாங்களும் நின்றோம். அப்போது நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் குன்னூரிலிருந்து வந்த ஓர் அக்கா ஸ்வெட்டர் பின்னுவார். "நீங்க ஓட்டுற மெஷின் பண்றதைத்தானுங்க நானும் பண்றேன்" என்று அவர்தான் ஊசியைக் கையில் கொடுத்தார். அவர் சொன்னது நிஜம்தான். 30 டயா, 24 கேஜ் மெஷினில், அதாவது 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் உள்ளதில், இரண்டாயிரத்துக்கு மேல் ஊசி வட்டமாக நின்று எடுக்கிற அதே கண்ணியைத்தான் இரண்டு ஊசி மெதுவாக எடுக்கிறது. முன்பக்கம் வி வியாக விழும், பின்பக்கம் அலை அலையாக விழும். பனியன் துணிக்காரர்கள் சிங்கிள் ஜெர்சி என்கிற ஒற்றைப் பின்னல்தான் அது. ஒரு கண்ணியை நழுவவிட்டால் கீழே வரை ஏணி மாதிரிப் பிரிந்துகொண்டு போவதும் இரண்டிலும் ஒன்றுதான். மெஷினில் அது ரிஜெக்ட். கையில் குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே தூக்கிக்கொள்ளலாம்.

விருந்துக்காக இந்த முறை பின்னுவது கால்மிதிகள். கடையில் விற்பதில் பலவும் பாலியஸ்டர் கலந்தது, தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. குளித்துவிட்டு வருகிற ஈரக்காலை எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரையில் வைத்தால் நேரே சமையலறை வாசல்வரை சறுக்கலாம். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைக்கும். வாங்கும் முன் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசம், சாம்பல் விரலில் பொடியும். உருகி முத்துப்போல் உருண்டால் வேண்டாம்.

துணியிலும் சிங்கிள் ஜெர்சியாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். அதைக் குறுக்குவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, இரு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் ஓரம் இரண்டும் தானாக உள்ளே சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். சட்டையின் கீழ்விளிம்பைச் சுருட்டிவிட்டு எங்களைத் திட்டு வாங்க வைக்கிற அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. இரட்டைப் பின்னலான ரிப், இன்டர்லாக் துணியில் இது நடக்காது. இரண்டு பக்கமும் சம இழுப்பு, எவ்வளவு இழுத்தாலும் பட்டையாகவே நிற்கும். பேத்திகள் வந்ததும் இந்த இழுக்கிற வேலையை அவர்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். கட்டைவிரல் தடிமனுக்கு மூங்கிலைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்ததுதான் ஊசி. ஒவ்வொரு வரியும் ஒரே பின்னலாகப் போட்டுக்கொண்டே போனால் தடியாக, சுருளாமல் தரையோடு படியும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கும் கால் சில்லென்ற தரையில் படாமல் இருக்கக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டுவிட்டேன்.

சின்னவளுக்கு ஒரு ஸ்வெட்டரும் ஊசியில் இருக்கிறது. 30ஆம் நம்பர் காட்டன் நூல் கைப்பின்னலுக்கு முடி மாதிரி மெல்லிசு. பத்து இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுகிறேன். கம்பளி மாதிரிக் காட்டன் திரும்பிச் சுருங்காது, ரிப் போட்டாலும் கொஞ்ச நாளில் தொளதொளத்துவிடும். அதனால் கண்ணியை இறுக்கமாகப் போட வேண்டியிருக்கிறது. "சென்னையில எதுக்குப்பா ஸ்வெட்டரு?" என்று மகள் போனில் கேட்டாள். சென்னைக்கு இல்லை அம்மிணி, காலையில் பட்டிக்குப் பால் கறப்பதைப் பார்க்க அப்புச்சி என் கூடவே சின்னது ஓடி வருமே, அதற்கு.

அட்டாலியிலிருந்து (பரணிலிருந்து) பவானி ஜமுக்காளத்தை இறக்கி வெயிலில் போட்டாயிற்று. சென்னிமலைக்குப் போய்ப் போர்வை நாலு எடுக்க வேண்டும். போகியன்று வரும் எங்கள் காப்புக்கட்டு அன்றைக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறிக்கப் பேத்திகளை இட்டேறிக்கு, அதாவது காட்டு வழித்தடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். போகி என்றால் எதையாவது எரிப்பது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பூக்களை வேப்பிலையோடு சேர்த்து எறவாணத்தில் (கூரை விளிம்பில்) செருகுவது அவர்களுக்குப் புதுசு.

சுவிட்சையும் பிளக்கையும் கட்டிலோரம் மாற்றும் வேலை மட்டும் பாக்கி. கரண்ட் வேலையில் நான் கை வைப்பதில்லை. எலெக்ட்ரீஷியன் கூப்பிடும்போதெல்லாம் "நாளைக்கு வந்தர்றனுங்ண்ணா" என்கிறார். பொங்கலன்றைக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வார் என்று தெரிந்ததால், நேற்று ஊத்துக்குளிக்குப் போனபோது நீள ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும், கட்டில் தலைமாட்டில் வைக்க ஒரு டார்ச்சும் வாங்கி வந்துவிட்டேன்.