வகுப்பில் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை

பெற்றோர் சந்திப்பு நாளில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: “டீச்சர், நீங்க சொன்னா செய்யிறான். வீட்டுல ஒன்னும் செய்ய மாட்டேங்கிறான்.” சொல்லும் அம்மாவின் குரலில் பாதி சந்தேகம் இருக்கும், டீச்சர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று. அப்பாவாக இருந்தால், “செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க” என்று மனைவி பக்கம் கையைக் காட்டிவிடுவார். இரண்டுமே இல்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கற்றது அந்த இடத்தோடும் சொல்லிக்கொடுத்த ஆளோடும் ஒட்டிக்கொள்கிறது. இடம் மாறினால் பாடமும் புதிதாகிவிடும். மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் இத்தனை காலம் நின்று நான் தெரிந்துகொண்டதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்புக்கு வெளியே இருக்கும் குழாய், பிடியை மேலே தூக்கினால் தண்ணீர் வரும் வகை. பக்கத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருக்கிறோம்: பிடியைத் தூக்கு, கையை நனை, சோப்பு, தேய், அலசு, மூடு, துடை. எட்டு வயதுப் பையன் ஒருவன் இதைப் பிசகாமல் செய்வான், துடைத்த துண்டைக்கூட ஒழுங்காகத் தொங்கவிடுவான். வீட்டிலோ சாப்பாட்டுக்கு முன் அடுப்படிக் குழாயடியில் நின்று அழுகிறான் என்று அவன் அம்மா வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். பார்த்தவுடனே விளங்கிவிட்டது. வீட்டில் இருப்பது திருகும் குழாய். அவன் அதன் தலையைப் பிடித்து மேலே தூக்கித் தூக்கிப் பார்க்கிறான், தண்ணீர் வரவில்லை. சோப்பும் அப்படித்தான். பள்ளியில் அழுத்தும் போத்தல், வீட்டில் கட்டிச் சோப்பு. நமக்கு ஒரே காரியம், அவனுக்கு இரண்டு.

அந்த வீட்டுக் குழாயையே படிப்படியாகப் படம் எடுத்து, அச்சடித்து, லேமினேட் செய்து அவன் கண் உயரத்தில் ஒட்டச் சொன்னோம். அம்மா அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும், எதிரில் அல்ல. பின்னாலிருந்து பிடித்தால்தான் திருகும் கை அவன் கை மாதிரியே அவன் கண்ணுக்குத் தெரியும். கடைசிப் படியான துடைப்பதை முதலில் அவனிடம் விட்டுவிட்டு, மற்றதை அம்மா கைபிடித்துச் செய்வித்தார். பிறகு மூடுவதும் அவன் பொறுப்பு, பிறகு அலசுவது. இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவன் அவனாகவே இருப்பான். பிடித்த கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நகர்த்தி, அப்புறம் விரலால் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் பெற்றோருக்குக் கஷ்டம். பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

பாட்டிகள் இன்னும் மோசம், அன்பாகத்தான் சொல்கிறேன். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படக்கார்டைக் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்குகிறோம். 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கிய முறை அது. கார்டைப் பார்ப்பதும் தொடுவதும் போதாது, எடுத்துப் போய் இன்னொருவர் கையில் வைக்க வேண்டும். கேட்பது என்றால் ஓர் ஆளிடம் கேட்பது என்று பிள்ளைக்கு உறைப்பது அங்கேதான். சிற்றுண்டிச்சாலை அக்காவிடம், “கார்டு உங்க கைக்கு வர்ற வரைக்கும் நாசி லெமாக்கைக் கொடுத்துடாதீங்கக்கா” என்று சொல்லி வைத்தோம். அவரும் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் முணுமுணுத்தாலும். வீட்டில் பிஸ்கட் டப்பாவை எட்டாத உயரத்தில் வைத்து, கார்டை எட்டும் உயரத்தில் ஒட்டச் சொல்வோம். ஆனால் பாட்டி இருக்கும் வீட்டில் பேரன் அலமாரிப் பக்கம் திரும்பினாலே பிஸ்கட் கைக்கு வந்துவிடும். கேட்பதற்கு அவனுக்கு என்ன தேவை? ஒரு பாட்டியிடம் நாங்கள் கடைசியில் செய்துகொண்ட ஒப்பந்தம்: எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள் பாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். அவருக்கு அது விளையாட்டாகப் பிடித்துப்போனது. அந்த வீட்டில் பையன் எங்களிடம் கேட்பதைவிட அதிகமாகக் கேட்க ஆரம்பித்தான்.

பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சுப் பயிற்சிக்குப் போன சில குடும்பங்களுக்கு, “பிள்ளை குழம்பிப்போகும், வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள்” என்று ஆலோசனை கிடைக்கிறது. அந்த ஒரே மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவோ மலாயாகவோ இருக்கும், ஏனென்றால் பயிற்சி தருபவருக்குத் தெரிந்தது அது. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்குவதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்த ஆலோசனை ஒரு வீட்டில் என்ன செய்தது என்று பார்த்திருக்கிறேன். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போக, பகல் முழுக்கப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த பாட்டிக்கு ஆங்கிலம் வராது. ஆகவே அவர் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். ஊட்டினார், குளிப்பாட்டினார், வாயைத் திறக்கவில்லை. பேச்சு வர வேண்டிய பிள்ளை நாளெல்லாம் அமைதியில் உட்கார்ந்திருந்தது. “தமிழிலேயே பேசுங்க பாட்டி, குட்டிக் குட்டி வாக்கியமா, படத்தைக் காட்டிக்கிட்டே பேசுங்க” என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. பயிற்சி அறையில் பிள்ளை இருப்பது வாரத்தில் சில நிமிடங்கள், பாட்டியோடு இருப்பது நாள் முழுக்க.

பேச்சு வந்த பிள்ளைகளிடம் வேறொரு சங்கதி. எங்கள் வகுப்பில் ஒருவன் ஓய்வு நேரம் நெருங்கினால் என்னிடம் வந்து, “பசிக்குதாடா கண்ணு?” என்று கேட்பான். கேட்பது அவன் அம்மாவின் வாக்கியம், அதே ராகத்தில். அந்த வாக்கியத்துக்குப் பிறகு சாப்பாடு வரும் என்பது அவன் கண்ட உண்மை. ஒருநாள் எனக்குப் பதிலாக வகுப்புக்கு வந்த ஓர் ஆசிரியை, “இல்லப்பா, எனக்குப் பசிக்கல” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார், அவன் தரையில் உருண்டு அழுதான். 1943இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசம் உள்ள பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, கேட்ட வாக்கியத்தைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கம் வருகிறது. அதைத் திருத்த, “அப்படிச் சொல்லாதே” என்பது பயன்படாது. அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவன் குரலில் நாம் சொல்ல வேண்டும்: “எனக்குப் பசிக்குது.” உடனே சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும். அம்மாவும் அக்காவும் சிற்றுண்டிச்சாலையும் எல்லாரும் அதே வாக்கியத்தைச் சொன்னால்தான் பழையது கழன்று விழும்.

தைப்பூசம் வந்தால் பெற்றோர் என்னிடம் கேட்பது, கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று. பினாங்கில் அது சாதாரணக் கேள்வி இல்லை. முதல் நாள் வெள்ளி இரதம் தண்ணீர்மலைக்குப் புறப்பட்டதிலிருந்து வழியெல்லாம் தேங்காய் உடைபடும், தண்ணீர்ப் பந்தல்களில் ஒலிபெருக்கி அலறும், உறுமி மேளம் காதைப் பிளக்கும். பிள்ளையை ஒரேயடியாக வீட்டில் பூட்டி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முந்தின ஆண்டுப் படங்களை வைத்து, போகும் வழி, பார்க்கும் காட்சி, கேட்கும் சத்தம், திரும்பும் நேரம் என்று சின்னப் புத்தகம் ஒன்று செய்து வாரக்கணக்கில் படித்துக் காட்டுகிறோம். காது மூடும் ஹெட்போன், ஒதுங்கி உட்கார ஓர் உறவினர் வீடு, கூட்டம் சேராத நேரம், இவை மூன்றும் இருந்தால் போய்வரலாம். ஒரு சிறுமி தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்று அத்தனையும் உடைவதைக் கைதட்டிப் பார்த்தாளாம். கையை ஓங்குவது தெரிகிறது, பிறகுதான் சத்தம். அவளை அலற வைத்தது எங்கோ வெடித்த ஒரு பலூன். சத்தத்தின் அளவைவிடச் சொல்லாமல் வருவதுதான் அவளுக்குப் பயம் என்று அவள் அப்பாவே கண்டுபிடித்துச் சொன்னார், எந்தப் பயிற்சிக்கும் போகாமல்.

காகித வேலைகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, இருந்தாலும் தெரியாதவர்களுக்காக. அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் 18 மாதத்திலும் மூன்று வயதிலும் எம்-சாட் கேள்வித்தாளை வைத்து ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். அதை அவசரமாக ‘இல்லை, இல்லை’ என்று கோடு போட்டு நிரப்பிவிடாதீர்கள். சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் ஓ.கே.யு. கார்டில் ஆட்டிசம் கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் வரும். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. பிள்ளை வகுப்பில் சேர்ந்ததும் மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு பார்வைக் காலம் இருக்கும் என்று 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள் சொல்கின்றன. அது தேர்வு வைத்துக் கழித்துவிடும் காலம் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பிள்ளைக்குப் பொருந்தும் இடம் எது என்று பார்ப்பதற்குத்தான் அது.

என்னை உறுத்துவது தமிழ்ப்பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டு. மலேசியாவில் தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லை. இத்தனை வருடம் தமிழில் கேட்டுப் பழகிய பிள்ளை, மலாய் பேசும் ஆசிரியர்களிடம், புதிய கட்டடத்தில், புதிய குழாயடியில் நிற்கப்போகிறது. அதனால் கடைசி ஆண்டில் நாங்கள் பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். கார்டுகளில் மேலே தமிழ், கீழே மலாய் என்று எழுதி இரண்டையும் பழக்குகிறோம். புதிய பள்ளியின் அனுமதி கேட்டு, முதலில் பள்ளி காலியாக இருக்கும் நாளில் ஒருமுறையும் பிறகு ஓய்வு நேரத்தில் ஒருமுறையும் பெற்றோரோடு கூட்டிப் போகிறோம். வாசல், கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை, உட்காரப்போகும் நாற்காலி எல்லாவற்றையும் படம் எடுக்கிறோம். கோப்பின் முதல் பக்கத்தில் மதிப்பெண் இருக்காது. எது பிடிக்கும், எதற்குக் காதைப் பொத்துவான், “பசிக்குதா” என்று கேட்டால் என்ன அர்த்தம் என்பதை மலாயில் எழுதி வைக்கிறோம். அந்தப் பள்ளி மணியின் ஓசையையும் கைப்பேசியில் பதிந்து, விடுமுறையில் வீட்டில் அவ்வப்போது போட்டுக் காட்டச் சொல்கிறோம். பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். சாயங்காலம் நாடகம் பார்க்கும் நேரத்தில் மணி அடிக்கிறது என்று பாட்டிகளிடமிருந்துதான் புகார் வருகிறது.