சப்டைட்டிலை அணைத்த பிறகு

2024 மார்ச் 3, ஞாயிறு, தேஜோன், தென் கொரியா

இன்றைக்கு இங்கிலீஷ் சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கொரியத் தொடர் பார்த்தேன். பாதிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒரு காட்சி இதுவரை எந்தக் காட்சியும் தராத நிறைவைத் தந்தது.

தெருவோரக் கூடாரக் கடை. அவனும் அவளும் சோஜு என்ற மது குடிக்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் '-யோ' என்று மரியாதையாக முடித்துக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு வாக்கியத்தில் அந்த 'யோ'வை விட்டுவிட்டான். அவள் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. சப்டைட்டிலை மறுபடி போட்டுப் பார்த்தேன். முன்னாலும் 'யூ', பின்னாலும் 'யூ'. 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று 'நீ' என்றால் நம் வீட்டில் யாருக்குத்தான் காது நிமிராது! மரியாதைப் பேச்சுக்குச் சொந்தேன்மால், உரிமைப் பேச்சுக்குப் பன்மால் என்று பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வருவதை 'பேச்சைக் கீழே வைப்பது' என்கிறார்கள். மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

மார்ச் 7, வியாழன்

மனசு சரியில்லை. தெருமுனைப் பான்சான் (தொடுகறி) கடையில், கிம்சியும் வதக்கிய நெத்திலியும் எடை போட்டுத் தரும் அம்மாவிடம், "நீங்களே செய்தீர்களா?" என்று கேட்க நினைத்து 'தாங்சின்' என்று ஆரம்பித்தேன். அகராதியில் அதற்கு மரியாதையான 'நீங்கள்' என்று போட்டிருக்கிறது. தொடர்களில் மனைவி கணவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த அம்மாவின் இடுக்கி டப்பாவுக்கு மேலே நின்றுவிட்டது. முகத்தில் கோபமில்லை, ஆனால் சிரிப்பும் போய்விட்டது.

வரிசையில் பின்னால் நின்ற பெண் மெல்லச் சொன்னாள்: தாங்சின் என்பது கணவன் மனைவிக்குள் பேசுவது, முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பது மாதிரி. யோசித்துப் பார்த்தால் தொடர்களிலும் கார் இடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இதே சொல்லைத்தான் வீசுகிறார்கள். நான் காதல் காட்சியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அப்படியானால் எப்படிக் கூப்பிடுவது? 'இமோ' என்றாள். அம்மாவின் தங்கையோ அக்காவோ இமோ. அப்பாவின் உடன்பிறந்தவள் கோமோ. இங்கிலீஷில் இரண்டுமே ஆன்ட்டி. சித்தியும் அத்தையும் ஒன்றாகுமா?

மார்ச் 17, ஞாயிறு

இரவு கேபிஎஸ் தொலைக்காட்சியில் 'கேக் கான்சர்ட்' நகைச்சுவை நிகழ்ச்சி. 1999-இல் தொடங்கி 2020-இல் நின்றுபோய், போன நவம்பரில் திரும்பி வந்திருக்கிறது. மேடை நகைச்சுவை எனக்கு இன்னும் எட்டவில்லை, வேகம் அதிகம். வெரைட்டி நிகழ்ச்சிகள்தான் கைகொடுக்கின்றன. பேசியதையும், பேசாமல் முகத்தில் தெரிந்ததையும்கூடப் பெரிய எழுத்தில் திரையிலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த எழுத்துக்கு ஜாமாக் என்று பெயர். காதில் விழும்போதே கண்ணிலும் படுவதால் சொல் ஒட்டிக்கொள்கிறது. சுவாரசியத்தைக் குறிக்கும் 'ஜேம்' என்பதோடு, தேனைக் குறிக்கும் 'குல்' சேர்ந்தால் 'குல்ஜேம்', செம ஜாலி. 'நோ' சேர்ந்தால் 'நோஜேம்', சப்பென்று இருக்கிறது. இரண்டையும் அப்படித்தான் பிடித்தேன்.

இன்று ஒரு கடி ஜோக் தானாகப் புரிந்தது. ஸ்ட்ராபெரிக்கு வேலை போனால் என்ன ஆகும்? 'தால்கி சிரொப்', ஸ்ட்ராபெரி சிரப்! வேலையின்மைக்குச் 'சில்', 'ஒப்' என்று இரண்டு அசை எழுதுவார்கள். சொல்லும்போது முதல் அசையின் கடைசி மெய் அடுத்த உயிரோடு சேர்ந்து 'சிரொப்' ஆகிவிடுகிறது. பள்ளியில் புணர்ச்சி படித்த காதுக்கு இது அந்நியமே இல்லை. அப்பா, ஓம்மா என்று ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போவதை வைத்துத் தமிழும் கொரியமும் ஒரு தாய் மக்கள் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொற்கள் உலகமெங்கும் அப்படித்தான் இருக்கின்றன. எனக்கு உதவுவது வேறு: வினை கடைசியில் வருவது. வாக்கியம் முடியும்வரை ஆமாவா இல்லையா என்று காத்திருக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே சிரிக்க வைக்கிறவர்கள் அந்தக் கடைசி அசையில்தான் விளையாடுகிறார்கள்.

மார்ச் 21, வியாழன்

ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், "எங்க காலத்துல…" என்று ஆரம்பித்ததும் ஓரத்தில் ஒருவன் "லாத்தே" என்று முணுமுணுத்தான். 'நா தே' என்றால் என் காலத்தில். அதை 'லாத்தே' காபியாக்கிவிட்டார்கள். 'மால்' என்றால் பேச்சு, குதிரையும் மால்தான். அதனால் 'நா தேனுன் மாரியா' ('எங்க காலத்துல என்னன்னா'; 'மாரியா'வுக்குள் 'மால்' இருக்கிறது) என்று பெரியவர்கள் இழுப்பதை இளசுகள் 'லாத்தே ஒரு குதிரை' என்று இங்கிலீஷாக்கிச் சிரிக்கிறார்கள். இப்படி அறிவுரை சொல்கிறவருக்கு 'கோன்தே' என்று பெயர். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்பது எந்தத் தொடரும் சொல்லாமலே புரிந்தது.

மார்ச் 30, சனி

'சோன்யோன் சிதே' தொடரை ஒரே மூச்சில் பார்க்கிறேன். 2023-இல் வந்தது, கதை நடப்பது 1989-இல், புயோ ஊரில். எல்லாம் புயோவும் எங்கள் தேஜோனும் இருக்கும் சுங்சோங் வட்டாரத்தின் வழக்கு. கேட்ட பிறகுதான் எங்கள் பேருந்து ஓட்டுநர் ஏன் வாக்கியத்தை 'யோ'வுக்குப் பதில் 'யூ' என்று இழுத்து முடிக்கிறார் என்று தெரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் நேராக எதையும் சொல்லமாட்டார்கள் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடிக்கிறது. முன்னால் இருந்தவர் நிதானமாக இறங்கிவந்து சொல்கிறார்: "அவ்வளவு அவசரம்னா நேத்தே வந்திருக்கலாமே."

ஏப்ரல் 6, சனி

செர்ரி பூத்துவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பான்சான் கடைக்குப் போனேன். "இமோ, நெத்திலி கொஞ்சம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இடுக்கியால் நெத்திலியை அள்ளிப் போட்டு, எடை பார்த்த பிறகு இன்னும் ஒரு பிடி போட்டார். மூடியை அழுத்திக்கொண்டே கேட்டார்: "பாபுன் மொகுன் கியோ?"

சாப்டியா என்கிறார். வட்டார வழக்கில். இந்தக் 'கியோ' ஒரே அசை, மரியாதை 'யோ' இல்லை.

"மொகொஸ்ஸொயோ" என்றேன். சாப்பிட்டுவிட்டேன் என்று, என் பக்கத்து 'யோ'வை விடாமல்.